இன்னும் இருக்குல்லா

டீக்கடையில் யாராவது கிளாஸில் கால்வாசியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் அக்காவுக்குப் பொறுக்காது. ஆள் தெரிந்தவரா தெரியாதவரா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். எதிரே பால் சங்கத்து வாசலில் நின்றபடியே குரல் கொடுப்பாள்.

"ஏய்யா, இன்னும் இருக்குல்லா?"

வெளியூர் ஆள் திகைத்துப்போய்த் திரும்பி வந்து மிச்ச டீயைக் குடித்துவிட்டுப் போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் வெறும் கிளாஸைச் சங்கத்துப் பக்கமாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் பெஞ்சை விட்டு எழுந்திருப்பார்கள்.

பெயர் வேண்டாம். ஊரிலும் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர் எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவில் வீட்டுக்கு வீடு கலப்பினப் பசு வந்து நின்ற காலம். பால் சங்கத்தில் ஒவ்வொருவர் பாலையும் சோதித்துப் பார்த்துவிட்டுக் கேனில் ஊற்றவிடுவது அவள் வேலை. அதனால் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் டெஸ்டர் அக்கா. கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்காகப் பாலில் ஊற்றும் ஆசிட் தெறித்துத் தெறித்து, அவளுடைய சேலைகளில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். கல்யாண வீட்டுக்குக் கட்டி வருகிற பட்டிலும் ஒன்றிரண்டு உண்டு என்பாள் என் மனைவி. வீட்டுக்காரர் ராதாபுரம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். இருக்கிற ஒன்றரை நாளும் அவர் பாதி படித்த செய்தித்தாளைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. பயம்தான், வேறென்ன.

சங்கத்துக்கு அடுத்த கட்டடத்தில் நான் மாட்டு மருந்துக்கடை வைத்திருந்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தோம். ஊருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. வண்டி எப்போது வரும் என்று கேட் கீப்பருக்கே தெரியவில்லை. "எல்லாரும் இங்கனயே எறங்கி நடந்துருங்க, பஸ்ஸு திரும்பப் போவுது" என்றார் கண்டக்டர். முனகிக்கொண்டே பையும் கூடையுமாக இறங்கினோம். அக்கா மட்டும் இறங்கவில்லை. ஜன்னலோரம் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்லா டிக்கெட்டு குடுத்திய? இன்னும் இருக்குல்லா?"

கண்டக்டர் கெஞ்சினார், அதட்டினார், டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். கடைசியில் கேட் திறந்தது. அந்த ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பஸ் ஊருக்குள் போனது. உச்சி வெயிலில் பொடிநடையாகப் போய்க்கொண்டிருந்த எங்களைத் தாண்டும்போது ஜன்னல் வழியே கையை ஆட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவளுடைய இந்தக் குணம் டீயோடும் பஸ்ஸோடும் நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியம் இல்லை. மருந்திலும் அதேதான். எனக்குக் காய்ச்சல் வந்து டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் உடம்பு லேசானதும் விட்டுவிட்டேன். மிச்சம் கடை மேசையில் கிடந்ததை அக்கா பார்த்துவிட்டாள். தானே தண்ணீர் மோந்து கொண்டுவந்து, நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நின்றாள். ஊருக்கே மருந்து விற்கிறவன், குழந்தைப்பிள்ளை மாதிரி 'ஆ' காட்டிக்கொண்டு நின்றேன்.

"மருந்துக்கடை வச்சிருக்கவனே பாதியில விட்டா, வாங்குதவன் என்ன செய்வான்?" என்றாள்.

வாங்குகிறவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பசுவுக்கு மடிவீக்கம் வரும். மடி கல்லாக இறுகும், பால் திரிந்து திரிந்து வரும். கடைக்கு வந்து "ரெண்டு ஊசி குடும்" என்பார்கள். மாட்டு டாக்டர் ஐந்து நாள் போடச் சொல்லியிருப்பார். இரண்டாவது ஊசியிலேயே வீக்கம் வடிந்துவிடும், பால் வெள்ளையாக வந்துவிடும். அதோடு சரி. மூன்றாவது ஊசிக்கு யாரும் வரமாட்டார்கள். காம்புக்குள் பீய்ச்சுகிற டியூப் மருந்து இருக்கிறதே, ஒரு காம்புக்கு ஒன்று என்பது கணக்கு. அதை இரண்டு மாட்டுக்குப் பங்கு வைப்பார்கள். மிச்சத்தை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்து, பக்கத்து வீட்டுக்காரர் உறைமோர் கேட்பதுபோலக் கேட்டால் கொடுத்தனுப்புவார்கள். மாதம் ஒன்று கழித்து அதே மாட்டுக்கு அதே மடிவீக்கம் வரும். அதே இரண்டு ஊசியை நான் எடுத்துக் கொடுப்பேன். முழுதாகப் போடுங்கள் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபாரம் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் அவரவர் மாட்டை அவரவர் கறப்பதில்லை. கறவைக்காரன் பேச்சிமுத்துதான் வீடு வீடாக வந்து கறப்பான். அவனுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் வீடு சங்கத் தலைவர் வீடு. கோயிலில் முதல் விபூதி யாருக்கோ அவருக்குத்தான் பேச்சிமுத்துவின் முதல் கையும். எட்டு மாடு நிற்கும் தொழுவம் அது. அங்கே முடித்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வருவான். அந்த அடுத்த வீடு அக்கா வீடு. அவள் சங்கத்தைத் திறக்கப் போகவேண்டும் என்பதற்காகத் தலைவரே கொடுத்த சலுகை. விரலைப் பாலிலேயே நனைத்துக்கொண்டு கறப்பான். அதற்குப் பிறகு மற்ற பன்னிரண்டு வீடு.

அக்காவின் செவலைப் பசுவுக்கு ஒரு நாள் மடி வீங்கியது. அதுவரை ஊசியே போட்டிராத மாடு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்து ஐந்து நாள் மருந்தையும் ஒரே தடவையில் வாங்கிப் போனாள். என் கடையில் அப்படி வாங்கிய ஒரே ஆள் அவள்தான். ஐந்து நாளும் நேரம் தவறாமல் போட்டாள். அந்த ஐந்து நாள் பாலையும் தெருச் சாக்கடையில் எல்லோரும் பார்க்கக் கொட்டினாள். மருந்து இறங்கிய பாலாம், மனுஷர் குடிக்கக்கூடாதாம். தெரு முழுக்க வாயில் அடித்துக்கொண்டது.

ஆறாம் நாள் வீக்கம் அப்படியே இருந்தது. மருந்தை மாற்றினார் டாக்டர். அதையும் முழுதாகப் போட்டாள். அப்போதும் இறங்கவில்லை.

தெருவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. "ரெண்டு ஊசி போட்டவிய மாடெல்லாம் சொகமா நிக்கி. முழுசாப் போட்டவ மாடு மடி வீங்கிக் கெடக்கு" என்று அவள் காதுபடப் பேசினார்கள். பேச்சிமுத்து கொஞ்சம் பரிவாகவே சொன்னான்: "யக்கா, பேசாம சந்தைக்கு ஓட்டிருங்க. அங்கன யாருக்கும் தெரியாது."

"வாங்குதவன் வீட்டுக்கும் இதக் கொண்டுபோய்ச் சேக்கச் சொல்லுதியா? ஒரு காம்புதான கெட்டுக் கெடக்கு. மூணு இன்னும் இருக்குல்லா?"

டாக்டர் அந்தக் காம்புப் பாலைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். மருந்து எடுக்க வாராவாரம் திருநெல்வேலி போகிறவன் நான். ஐஸ் போட்ட பிளாஸ்கில் சின்னப் பாட்டிலை வைத்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். முடிவு வாங்கப் போன அன்றைக்கு அக்காவும் கூடவே வந்தாள். சீட்டில் எழுதித் தருவதெல்லாம் போதாதாம், கண்ணால் பார்க்கவேண்டுமாம்.

அங்கிருந்தவர் நல்ல மனிதர். ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். தட்டு முழுக்க வெளிர் மஞ்சளாகப் பாசி பிடித்ததுபோல் கிருமி படர்ந்திருந்தது. அதன் மேல் சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகள்.

"ஒவ்வொரு பொட்டுலயும் ஒரு மருந்தும்மா. மருந்து கேட்டுச்சுன்னா பொட்டைச் சுத்திக் கிருமி செத்து வட்டமா வெளி விழும்."

அக்கா மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தாள்.

"வட்டம் எங்கன இருக்கு?"

"இல்லியேம்மா. இது எந்த மருந்துக்கும் பயப்படாத கிருமி."

பொட்டுகளில் இருந்த எழுத்துகளை நானும் படித்தேன். ஒவ்வொன்றும் என் கடை அலமாரியில் வரிசையாக நின்ற மருந்து. என் கடையையே யாரோ தட்டில் வைத்து நீட்டியது போலிருந்தது. வெட்கமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு இப்போது கூச்சம் இல்லை.

திரும்பும்போது வாழைத்தோப்புகள் தொடங்கிய இடத்தில் அக்கா கேட்டாள்.

"தம்பி, என் செவலை இதுக்கு முன்ன ஒரு ஊசி கண்டதில்ல. பெறவு இந்தக் கிருமி இத்தனை மருந்தையும் எங்கன பாத்துப் பழகிட்டு வந்துது?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"அரைகுறையா அடி வாங்குதது சாவாது. எந்திரிச்சு வந்து நிக்கும். யார் வீட்டுலயோ பல தடவ அடி வாங்கிட்டுத்தான் வந்திருக்கு. பேச்சிமுத்து கை வழியாத்தான் என் தொழுவத்துக்கு வந்திருக்கு. ஒன் கடையில ரெண்டு ரெண்டா வாங்குதது யாரு?"

"எத்தனையோ பேரு வாங்குதாவக்கா. நான் யாரன்னு சொல்ல?"

பேச்சிமுத்து அவள் தொழுவத்துக்கு எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தலைவர் வீட்டு ஆள் மாதம் தவறாமல் வந்து என்னிடம் இரண்டு ஊசி வாங்கிப் போவது எனக்கு மட்டும்தான் தெரியும். என் கடை இருந்தது தலைவருடைய கட்டடத்தில்.

மறுநாள் பேச்சிமுத்துவை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "என் மாட்டை நானே கறந்துக்கிடுதேன். ஒன் கை வழியா என் வீட்டுச் சீக்கு இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டாம்." அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பெண்கள் மாட்டின் மடியைத் தொட்டதில்லை. முதல் நாள் செவலை விட்ட உதையில் செம்பு எங்கோ போனது, தலையெல்லாம் பால். பத்தாம் நாள் மூன்று காம்பிலும் கை பழகிவிட்டது. கெட்ட காம்பைக் கறந்து தனியாகக் கொட்டிப் பைய வற்றவிட்டாள்.

இதற்கிடையில் டாக்டரிடம் கேட்டு ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். தட்டில் கொஞ்சம் பால், அதே அளவு சோப்புத்தூள் கரைத்த தண்ணீர். சேர்த்துச் சுழற்றவேண்டும். நல்ல பால் தண்ணியாகவே ஓடும். சீக்கு மடிப் பால் நுங்குச் சதை மாதிரித் திரளும். ஒரு நாள் காலை சங்கத்து மேசையில் எவர்சில்வர் தட்டை வைத்தாள். முதலில் ஊற்றியது அவள் வீட்டுக் கெட்ட காம்புப் பாலை. திரண்டது. தட்டைத் தூக்கி வரிசையில் நின்ற எல்லோருக்கும் காட்டினாள்.

"இது என் வீட்டுப் பாலு. நல்லாப் பாத்துக்கிடுங்க."

பிறகு ஒவ்வொருவர் பாலாகப் பார்த்தாள். மூன்று வீட்டுப் பால் லேசாகக் கெட்டியானது. தலைவர் வீட்டுப் பால் தட்டைச் சாய்த்தால்கூட ஓடவில்லை. அக்கா கேனை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இத ஊத்த விடமாட்டேன்."

அந்த வாரமே சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். அக்கா எழுந்து நின்று, சீக்கு மாடு நிற்கும் வீட்டுக்குப் பேச்சிமுத்து கடைசியாகத்தான் போகவேண்டும், வீட்டுக்கு வீடு கையைக் கழுவவேண்டும், ஊசி போட்டால் முழுதாகப் போடவேண்டும் என்றாள். தலைவர் வீட்டு முறை கடைசிக்குப் போகும் என்று அவள் வாயால் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

தலைவர் கத்தவில்லை. சிரித்துக்கொண்டே பேசினார். "எங்க அப்பா காலத்துலேருந்து மொதக் கை எங்க தொழுவத்துக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமி சொல்லுதுன்னு அத மாத்தணுமாக்கும்? அரைகுறையா ஊசி போடுத பழக்கமும் எங்க வீட்டுல கெடையாது. மருந்துக்கடைக்காரரு இங்கனதான இருக்காரு. என்னவே, நாங்க முழுசாத்தான வாங்குதோம்?"

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. என் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கிளாஸில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்த ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். சங்கத்துப் பேரைக் கெடுத்தாள் என்று அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சாவியை மேசையில் வைத்தாள். தட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள், அது அவள் வீட்டுத் தட்டு.

மறுநாள் காலையில் நான் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது வரிசையில் பத்தாவதாகவோ பதினொன்றாவதாகவோ அக்கா நின்றாள். ஒரு கையில் பால் தூக்குவாளி, ஒரு கையில் தட்டு. வேலை போனால் என்ன, உறுப்பினர் அல்லவா, வரிசையில் நிற்க யார் அனுமதி வேண்டும்? தலைவர் உட்காரவைத்திருந்த புது ஆள் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். அவள் சங்கத்துக் குட்டைச் சுவரில் தட்டை வைத்தாள். மூன்று காம்புப் பால், சோப்புத் தண்ணீர். சுழற்றினாள். தண்ணியாக ஓடியது.

"நல்லாருக்கு. பாத்துக்கிடுங்க" என்று பின்னால் நின்றவர்களிடம் காட்டினாள். பின்னால் நின்ற பெண் தயங்கித் தயங்கித் தன் செம்பை நீட்டினாள். "யக்கா, எனக்கும் செத்த பாத்துச் சொல்லுங்க."

வரிசையின் முதலில், தலைவர் வீட்டுக் கேன் இரண்டோடு பேச்சிமுத்து நின்றான். அங்கேயும் முதல் இடம் அந்த வீட்டுக்குத்தான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"முழுசா ஊசி போட்டும் கேக்கல. இன்னும் தட்ட வச்சு ஆட்டிக்கிட்டு இருக்காவ. தலைவரு அண்ணாச்சி வீட்டு மேல பழியப் போட்டாவ. கடைக்காரரே நேத்து தலையாட்டிட்டாருல்லா?"

அக்கா தட்டிலிருந்த பாலைக் கொட்டினாள். தண்ணீர் விட்டு அலசினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஒனக்குச் சொல்ல இன்னும் இருக்குல்லா?"

கதவின் பூட்டு என் கையில் இருந்தது. கட்டடம் யாருடையது என்பதும் ஞாபகத்தில் இருந்தது. போனால் போகட்டும் என்று ஒரு வேகம் வந்தது பாருங்கள், அது அவளிடமிருந்து தொற்றியதுதான்.

"பேச்சிமுத்து, நேத்து நான் தலையாட்டுனது பொய்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அண்ணாச்சி வீட்டுக்கு ரெண்டு வருசமா ரெண்டு ரெண்டு ஊசியாத்தான் வித்திருக்கேன். ஒரு தடவகூட முழுசா வாங்குனதில்ல. முழுசாப் போடுங்கன்னு நானும் சொன்னதில்ல. நாங்க ரெண்டு பேரும் வளத்துவிட்ட கிருமி ஒட்டுனது ஒன் கையில. நீதான் வீடு வீடாக் கொண்டு போயிருக்கே."

பேச்சிமுத்து தன் கையைப் பார்த்தான். புரட்டி இன்னொரு பக்கமும் பார்த்தான். பதினான்கு வீட்டுக்கு மாடு கறந்த கை, அவன் பிழைப்பே அதுதான். அன்று மதியமே கடையைக் காலிசெய்யச் சொல்லி ஆள் வந்தது, நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க் கடை போட்டேன், அதெல்லாம் வேறு கதை. அந்த நிமிஷம் எனக்குப் பேச்சிமுத்துவைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அவன் குனிந்து இரண்டு கேனையும் தூக்கினான். வரிசையை ஒட்டியே நடந்து, என்னைத் தாண்டி, அக்காவைத் தாண்டி, கடைசியாக நின்ற ஆளுக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கினான்.

"நாளைக்கு அண்ணாச்சி தொழுவத்துக்கும் கடைசியாத்தான் போவேன். வேணும்னா அவிய வேற கை பாத்துக்கிடட்டும்" என்றான்.

அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை நீட்டினாள்.

"அடுத்து யாரு? ஊத்துங்க, இன்னும் இருக்குல்லா."